கயிறு எங்கே, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, தூறல் விழுந்தால் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டாவது கேட்டுவிட்டுத்தான் போவது என்று உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஐரோப்பியர் ஆட்சியில் உழைப்பாளியைக் கட்டிப்போட்டது சாட்டையே! கணக்கே!" இதுதான் தலைப்பு. நான் கணக்கே என்ற அணி. முப்பத்திரண்டு ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான் எதிரணித் தலைவர், "திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்பியிருக்கிறார்கள்" என்று சிரித்தார். சிரிக்கட்டும். பூட்டு எங்கே பலவீனமாக இருக்கிறது என்று பூட்டுச் செய்தவனைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு முன் பேசிய அம்மையார் உருக்கமாகப் பேசினார். காங்கோவின் நீர்யானைத் தோல் சாட்டையைக் காட்டினார். வெட்டப்பட்ட கைகளைக் காட்டினார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் முன் வந்து நின்ற பாலசுந்தரத்தைக் காட்டினார். "அடியாத மாடு படியாது, வெள்ளைக்காரன் நம்மிடம் கற்றுக்கொண்ட ஒரே பழமொழி இதுதான்" என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எதிரணி என்பதற்காக நல்ல பேச்சுக்குக் கையை மடக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

ஆனால் இங்கே மாடு வளர்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன். கயிறு இல்லாத மாட்டை அடித்தால் என்ன செய்யும்? ஓடும். படியவே படியாது. நாலு வயல் தாண்டி ஓடிவிடும். அடித்த அடிக்கு மாடு அங்கேயே நிற்கிறது என்றால், முதலில் மூக்கணாங்கயிறு ஒன்று இருந்தாக வேண்டும், அதன் மறுநுனி ஒரு முளையில் கட்டியிருக்க வேண்டும். அம்மையார் சாட்டையை நன்றாகக் காட்டினார். கயிறு எங்கே, நடுவர் அவர்களே? அதைத்தான் நான் காட்ட வந்தேன்.

அவர் கொண்டுவந்த சாட்சியையே நான் எடுத்துக்கொள்கிறேன். 1894. பாலசுந்தரம் தமிழர், டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் பற்கள் உடைந்தன. காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார், மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட் கொதித்துப்போய் முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார். அம்மையார் கதையை இங்கே நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

அடித்தது குற்றம் என்று தீர்ப்பாகிவிட்டது. சாட்டை தோற்றுவிட்டது. பாலசுந்தரம் வீட்டுக்குப் போனாரா? சுதந்திர மனிதராக டர்பன் தெருவில் நடந்தாரா? இல்லை. ஒப்பந்தக் காகிதத்தில் இன்னும் ஆண்டு மிச்சம் இருந்தது. அந்தக் காகிதத்தை வேறொரு வெள்ளைக்காரர் பெயருக்கு மாற்றலாம், அவ்வளவுதான் வழி. ஒப்பந்தக் கூலியை வைத்துக்கொள்ளும் உரிமை இந்தியருக்கு இல்லை என்பதால், நல்ல வெள்ளைக்காரர் ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டிய வேலையும் காந்தி தலையில் விழுந்தது. அடித்த கை விலகிவிட்டது. எழுதிய எழுத்து விலகவில்லை. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் போனால் அவன்மீது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி போனால் குற்ற வழக்கு, சிறை. பாலசுந்தரத்தின் பல்லை உடைத்தது சாட்டைக் கட்சி என்றால், பல் உடைந்த பிறகும் அவரை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டது எங்கள் கட்சி. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, தலைப்பு அப்படி.

சரி, ஐந்தாண்டு முடிந்துவிட்டது. இனி விடுதலைதானே? இங்கேதான் நேட்டால் அரசின் கணக்குப்பிள்ளைகள் தங்கள் திறமையைக் காட்டினார்கள். ஒப்பந்தம் முடிந்தவன் அங்கேயே நிலம் பிடித்துக் காய்கறி போட்டான், சந்தையில் விற்றான், கடை வைத்தான். தோட்டத்துக்கு ஆள் போய்விட்டது, சந்தையிலும் போட்டி வந்துவிட்டது. அடித்து இழுத்து வர முடியுமா? முடியாது, அவன் இப்போது சுதந்திரமானவன். எனவே 1895-இல் ஒரு வரி போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவன் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும், தங்கப் பவுன் இல்லை, பிரிட்டிஷ் பணம். அவர்கள் முதலில் கேட்டது 25 பவுன். இந்தியாவின் வைஸ்ராய் எல்ஜின் பிரபு 3 போதும் என்று பேரம் பேசி ஒப்புக்கொண்டார். எவ்வளவு இரக்கம் பாருங்கள்! பிறகு 16 வயதான பையனுக்கும் 13 வயதான பெண்பிள்ளைக்கும் அதே வரி என்று நீட்டினார்கள்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், என் பழைய தொழிலைச் செய்கிறேன். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கணவன், மனைவி, பையன், பெண் என்று நாலு பேர். நாலு மூன்று பன்னிரண்டு பவுன். 240 ஷில்லிங். ஐந்தாண்டு உழைத்துப் பழகிய ஆளின் சம்பளம் மாதம் 14 ஷில்லிங். பன்னிரண்டு மாதத்துக்கு 168. ஒரு வாய்ச் சோறு தின்னாமல், ஒரு முழத் துணி வாங்காமல், ஆண்டு முழுக்க உழைத்ததை அப்படியே கொண்டுபோய்க் கட்டினாலும் 72 ஷில்லிங் துண்டு விழுகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது நம் பழமொழி. இங்கே உழக்கு மிஞ்சாதது மட்டுமா, எண்ணிப் பார்த்தால் உழுதவனே உழக்குக் கடனாளி!

இந்த வரி அரசின் கஜானாவை நிரப்பப் போட்டது என்று யாராவது நினைத்தால், சட்டத்தின் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். இரண்டு பேருக்கு விலக்கு. கப்பல் ஏறி ஊருக்குத் திரும்புகிறவனுக்கு விலக்கு. மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத் தோட்டத்துக்குப் போகிறவனுக்கும் விலக்கு. வாசல் திறந்துதான் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் போனாலும் முதலாளிக்கே லாபம். சாட்டை எடுத்தவன் ஒருவனும் இந்தக் காட்சியில் இல்லை, நடுவர் அவர்களே. ஒரு மேசை, ஒரு மைக்கூடு, ஒரு எண்.

இந்த மூன்று பவுனை எதிர்த்துத்தான் 1913-இல் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நேட்டால் எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள் என்று காந்தி எண்ணி எழுதி வைத்திருக்கிறார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிர் விட்டவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. அவர் ஒப்பந்தக் கூலி இல்லை, ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்த சிறு வணிகர் வீட்டுப் பெண். அவர் முதுகில் யாரும் சாட்டை வைக்கவில்லை. பிறர் தலையில் எழுதப்பட்ட ஒரு கணக்கை அழிக்கப் பதினாறு வயதுகூட நிரம்பாமல் சிறைக்குப் போனார். அதே ஆண்டில் வரி நீக்கப்பட்டது.

எதிரணித் தலைவர் ஏதோ குறித்துக்கொள்கிறார். என்ன கேட்பார் என்று தெரியும். "வரி கட்டாவிட்டால் சிறை, சிறையில் அடி. கடைசியில் சாட்டைதானே ஐயா?" என்பார். ஆமாம், கடைசியில் சாட்டைதான். கடைசியில்! நான் முதலில் எது என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எது என்பதற்கு நாள், தேதி, தொகை எல்லாமே இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் போட்டார்கள். 1834 ஆகஸ்ட் 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். யாருக்கு? அடிபட்டவனுக்கு என்று நினைப்பீர்கள். அடித்தவனுக்கு! "என் சொத்து போய்விட்டதே" என்று ஒவ்வொரு முதலாளியும் அடிமைகளைத் தலை எண்ணிப் பட்டியல் கொடுத்துப் பணம் வாங்கினான். அதற்காக அரசு வாங்கிய கடனின் கடைசி மிச்சம் 2015-இல்தான் தீர்ந்தது. நான் சங்கத்தில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தபோதும் லண்டனில் அந்தக் கணக்கு முடியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! சாட்டையைச் சட்டம் போட்டு நிறுத்திய அதே 1834-இல்தான் மொரீஷியஸ் தோட்டங்களுக்கு நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். சாட்டைதான் கட்டிப்போட்டது என்றால், சாட்டை போன பிறகு கரும்பு யார் வெட்டினார்கள்?

இனி நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில். 1964-இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்ததில் எங்கள் குடும்பமும் ஒரு எண்ணாகக் கப்பல் ஏறிக் கோத்தகிரி வந்து சேர்ந்தது. (ஆட்களை எண்ணிப் பிரித்துக்கொள்ளும் பழக்கம் வெள்ளைக்காரன் போன பிறகும் போகவில்லை. அது வேறு பட்டிமன்றம்.) என் அம்மாயி சிறு வயது முதல் கொழுந்து பறித்தவர். அவர் நாளை நாள் என்று சொல்லமாட்டார். "பேர்" என்பார். "இந்த மாதம் இருபது பேர் விழுந்தது" என்றால், இருபது நாள் வேலை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவானது என்று பொருள். விடியும் முன் தப்புப் பறை அடிப்பார்கள். பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி ஆள் எண்ணுவார், கணக்கப்பிள்ளை பேர் போடுவார். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர். முழு நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றவள், காகிதத்தில் அரை ஆள் ஆகிவிடுவாள்.

அம்மாயியை யாரும் அடித்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கங்காணியின் வாய்க்கும் அவர் பயந்ததில்லை, திருப்பிக் கொடுப்பார். ஆனால் கணக்கப்பிள்ளையின் பென்சில் காதில் செருகியிருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்ப்பாராம். கையில் இருந்தால் வயிறு கலங்குமாம்.

அவருடைய அப்பா காலத்தில் இன்னொரு காகிதம் இருந்தது. துண்டு. இந்தச் சொல்லைக் கேட்டதும் தோளில் போடும் துண்டு நினைவுக்கு வரும். இது கழுத்தில் போட்ட துண்டு. துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கங்காணி நம் ஊர்களுக்கு வந்து ஆள் கட்டுவான். தோணிக் கூலி, வழிச்சோறு, குளிருக்குக் கொடுத்த கம்பளி எல்லாம் அந்த ஆளின் பேரில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவன் கடனாளி. பிறகு அரிசியும் சம்பளத்தில் கழியும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், கூடுதல் முன்பணம் கொடுக்கும் துரையிடம் கூட்டத்தையே கொண்டுபோய் விடுவான். பழைய கடன் அடையும், புதிய கடன் அதைவிடப் பெரிதாக ஏறும். ஏறிய கடன் யார் தலையில்? கூட்டத்தின் தலையில். எவ்வளவு கடன் என்று அந்த மனிதனுக்கே தெரியாது, அவன் எழுத்தறியாதவன். தன் விலை என்னவென்று தனக்கே தெரியாமல் விற்கப்பட்டவன்.

"வழியில் செத்தவன் கடனையும் இருக்கிறவன்தான் சுமந்தான்" என்று அம்மாயியின் அப்பா சொல்வாராம். சொல்லாமல் தோட்டத்தை விட்டால் 1865 சட்டப்படி குற்றம். பிடித்து வந்து சிறையில் போடலாம். துண்டு முறையை 1921-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். காப்பி வந்து, நோயில் அழிந்து, தேயிலை வந்து, மலை முழுக்கப் பச்சையான பிறகு.

நடுவர் மணியைப் பார்க்கிறார். மற்ற நாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் 1830-இல் டச்சு ஆளுநர் வான் டென் போஸ் ஒரு கணக்குப் போட்டார்: கிராமத்து நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அரசு சொல்லும் காப்பியோ, கரும்போ, அவுரியோ போடு. விளைச்சலுக்கு ஏற்ப அதிகாரிகளுக்குக் கமிஷன், வெள்ளை அதிகாரிக்கும் கமிஷன், உள்ளூர்த் தலைவருக்கும் கமிஷன். கமிஷன் என்று ஒன்று வைத்துவிட்டால் ஐந்தில் ஒன்று ஐந்தில் ஒன்றாகவே நிற்குமா? 1831 முதல் 1877 வரை ஜாவாவிலிருந்து டச்சுக் கஜானாவுக்குப் போனது 82 கோடி கில்டருக்கும் மேல். நெல் விளைந்த தெமாக், குரோபோகன் பகுதிகளில் 1848-50-இல் மக்கள் பசியால் செத்தார்கள். கென்யாவில் குடிசைக்கு வரி போட்டார்கள். வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும், காசு வெள்ளைக்காரன் பண்ணையில்தான் கிடைக்கும். அப்போது அங்கே புழங்கிய காசு நம் இந்திய ரூபாய் என்பது கூடுதல் வேதனை. முதல் உலகப் போருக்குப் பின் கிபாண்டே என்று ஒரு பதிவுச் சீட்டு வந்தது. கைரேகை, எங்கே வேலை, எவ்வளவு கூலி, விடுவித்ததற்கு முதலாளியின் கையெழுத்து. அதைத் தகரப் பெட்டியில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். மாட்டுக்குக் கழுத்தில் மணி, மனிதனுக்குக் கழுத்தில் கணக்கு.

இப்போது காங்கோ. எதிரணியின் பலமான கோட்டை அது. தவிர்த்துவிட்டுப் போனால் நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள்.

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த நாடு அது, 1885 முதல் 1908 வரை. சைக்கிளுக்கும் காருக்கும் காற்றடைத்த டயர் வந்த காலம், ரப்பருக்குத் தீராத பசி. காட்டுக் கொடியைக் கீறிப் பால் எடுத்து, பதினைந்து நாளுக்கு இத்தனை கிலோ கொண்டுவர வேண்டும் என்று ஊருக்கு ஊர் அளவு. குறைந்தால் மனைவியைப் பிணையாகப் பிடிப்பார்கள், சாட்டையடி, துப்பாக்கி. எல்லாம் உண்மை. 1904-இல் பாரிங்கா என்ற இடத்தில், மறைப்பணியாளர் ஆலிஸ் சீலி ஹாரிஸ் ஒரு படம் எடுத்தார். ந்சாலா என்ற தகப்பன் திண்ணையில் உட்கார்ந்து முன்னால் கிடக்கும் எதையோ பார்க்கிறான். அது அவன் ஐந்து வயது மகளின் கையும் காலும். இதைச் சொல்லும்போது எனக்குப் பட்டிமன்றக் குரல் வரவில்லை. மன்னியுங்கள்.

ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஏன் கையை வெட்டினார்கள்? கொல்வதற்குத் துப்பாக்கி இருக்கிறதே! சிப்பாய்க்குத் தோட்டாவை எண்ணித்தான் கொடுத்தார்கள். செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கையைக் காட்ட வேண்டும், வேட்டைக்கு வீணாக்கவில்லை என்பதற்கு ஆதாரம். தோட்டாவை மானுக்குச் செலவிட்டவன் உயிரோடு இருந்தவர்களின் கையை வெட்டிக் கணக்கை நேர் செய்தான். கணக்கு நாள் வரை கெடாமல் இருக்கப் புகை போட்டு உலர்த்தினார்கள். நடுவர் அவர்களே, அந்தக் கை ரசீது. வெறிபிடித்தவன் எண்ணமாட்டான். எண்ணி, புகை போட்டு, கூடையில் கட்டி, மேலதிகாரியிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிறான் என்றால் அவன் எங்கள் கட்சிக்காரன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அவன் எங்கள் கட்சிக்காரன்தான்.

இந்தக் கொடுமையை உலகத்துக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் மோரல். லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றின் எழுத்தர். ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்க் கம்பெனிக் கணக்கைப் பார்த்தபோது அவருக்கு உறுத்தியது: காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் கப்பல் கப்பலாக வருகின்றன, திரும்பிப் போகும் கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். விலையாகக் கொடுக்கச் சரக்கே போகவில்லை. அப்படியானால் அங்கே வியாபாரமே நடக்கவில்லை! வரவும் செலவும் ஒட்டாத ஒரு பேரேட்டிலிருந்து, தான் பார்த்திராத ஒரு நாட்டின் அடிமைத்தனத்தை அந்த எழுத்தர் கண்டுபிடித்தார். என் இனத்தில் ஒரு நல்லவர். "பார்த்தீர்களா, துப்பாக்கிதானே போனது!" என்று எதிரணித் தலைவர் துள்ளுகிறார். அவசரப்படாதீர்கள் ஐயா, அடுத்ததையும் கேளுங்கள்.

1908-இல் லியோபோல்ட் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. அந்த ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸில் காங்கோ அலுவலகத்தின் உலைகள் எட்டு நாள் இடைவிடாமல் எரிந்தன. எட்டு நாள்! எதைப் போட்டு எரித்தார்? சாட்டைகளையா? அவை காங்கோவில் அப்படியே இருந்தன, புதிய அரசும் அவற்றைக் கீழே வைக்கவில்லை. எரித்தது காகிதத்தை. கோப்புகளை, கணக்குகளை. எது தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிரணிக்குத் தெரியாமல் இருக்கலாம், லியோபோல்டுக்குத் தெரிந்திருந்தது.

மணி அடித்துவிட்டார் நடுவர். எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் அரை நிமிடம் மிச்சம் இருப்பதாக என் கடிகாரம் சொல்கிறது. அதை எதிரணித் தலைவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். பயப்பட வேண்டாம் ஐயா, உங்கள் பேரில் கடனாக எழுதி வைக்கவில்லை. வணக்கம்.